ஒன்று விட்டு ஒன்று

வேதவல்லி தன் வாழ்நாளில் எழுதிய முதல் மேக்ரோ நான்கே வரி. அதில் ஐந்து தப்பு இருந்தது.

பொத்தானை அழுத்தியதும் திரையில் ஒரு பெட்டி குதித்தது. 'இஃப்' என்று ஆரம்பித்ததை 'எண்ட் இஃப்' போட்டு முடிக்கவில்லையாம். முடித்தாள். இன்னொரு பெட்டி வந்து 'நெக்ஸ்ட்' எங்கே என்று கேட்டது. அதையும் போட்டாள். மூன்றாம் முறை பெட்டியே வரவில்லை. உள்ளே ஏதோ சுற்றிச் சுற்றி வருகிறது என்பது மட்டும் விசிறிச் சத்தத்தில் தெரிந்தது. கடைசியில் பிளக்கைப் பிடுங்கித்தான் நிறுத்த வேண்டியிருந்தது.

"இதைவிட கொழந்தைக்கு மருந்து ஊத்தறது சுலபம்டி," என்றாள் தில்ஷாத். அவள் அதே கட்டடத்தில் நர்ஸ். வேலை இல்லாத நேரமெல்லாம் வேதவல்லியின் நாற்காலிக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்ப்பது அவள் பொழுதுபோக்கு.

அந்தக் காலத்தில் யாரும் நிரல் எழுதுவதில்லை. இன்னது வேண்டும் என்று வாயால் சொன்னால் போதும், இயந்திரமே எழுதி, இயந்திரமே ஓட்டிக்கொள்ளும். எழுதத் தெரிந்த கடைசி ஆட்களும் ஓய்வு பெற்றுப் பேரன் பேத்திகளுக்குப் போரடித்துக்கொண்டிருந்தார்கள். இப்படியே போயிருக்கும். எங்கோ ஒரு மருத்துவமனையில் யாருக்கு மூச்சுக்கருவி, யாருக்கு இல்லை என்று ஓர் இயந்திரம் தீர்மானித்து, ஒரு வார்டே காலியானது. விசாரணையில் எல்லோரும் இயந்திரத்தைக் கைகாட்டினார்கள். இயந்திரத்துக்குக் காட்டக் கையில்லை.

அதன் பிறகு வந்ததுதான் கைப்படச் சட்டம். ஓர் உயிரை நிறுத்தும் ஆணை எதுவானாலும் அதை ஒரு மனிதர் தன் கையால் எழுத வேண்டும். ஒவ்வொரு வரியும் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். வேறு ஆளோ இயந்திரமோ அதில் ஒரு புள்ளியைத் திருத்தினாலும் ஆணை செல்லாது. பரிசோதகர் கேள்வி கேட்கலாம், ஏற்கலாம், மறுக்கலாம்; திருத்தக் கூடாது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. எழுத ஆள்தான் இல்லை. ஒன்றுமே தெரியாதவர்களுக்கும் சீக்கிரம் பிடிபடக்கூடியது எது என்று தேடி, கட்டம் கட்டமான கணினி விரிதாளில் வேலையைத் தானாகச் செய்ய எழுதுகிற பழைய மேக்ரோவைத் தோண்டி எடுத்தார்கள். ஏதோ கிடங்கில் கிடந்த கணினிகளைத் தூசி தட்டினார்கள். ஊத்தங்கரை உறைநிலைக் காப்பகத்தில் யார் கற்பது என்று குலுக்கல் போட்டபோது சீட்டு பதிவறை எழுத்தர் வேதவல்லிக்கு விழுந்தது.

காப்பகம் இருந்தது ஒரு பழைய கிரானைட் குவாரிக்குள். அந்த வட்டாரத்தில் கல்லுடைத்தவர்கள், கல்லுடைத்த தூசிக்குப் பக்கத்தில் வளர்ந்தவர்கள் பலருக்கும் கல்நுரை என்ற நோய் வந்தது. நுரையீரல் மெல்லக் கல்லாகும். மருந்து இன்னும் இல்லை. மருந்து வரும்வரை அவர்களைக் கண்ணாடிப் படுக்கைகளில் குளிரில் உறங்க வைத்திருந்தார்கள். ஊழியர்களுக்குச் சம்பளம் குறைவு. அதற்கு ஈடாக ஆளுக்கொரு படுக்கை ஒதுக்கியிருந்தார்கள், நாளைக்கு அவர்களுக்கும் அந்த நோய் வந்தால் படுக்க. வேதவல்லிக்குப் போன மாதம் எடுத்த படத்தில் நுரையீரலின் ஓரத்தில் பொடிப்பொடியாக வெள்ளை தெரிந்தது. படுக்கை இருக்கிறது என்ற தைரியத்தில்தான் இரவில் தூங்கினாள்.

இப்போது காப்பகத்துக்கு வரும் மின்சாரத்தைக் குறைத்துவிட்டார்கள். தெற்குக் கூடத்தில் உறவு இல்லாதவர்களின் படுக்கைகளை நிறுத்த வேண்டும் என்று உத்தரவு. விரிதாளில் ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை. 'உறவு' என்ற கட்டத்தில் ஒன்று இருந்தால் விட்டுவிட வேண்டும், பூஜ்யம் இருந்தால் அந்த வரிசையை நீக்க வேண்டும். வரிசை போனால் படுக்கைக்குக் குளிர் போகும். மேக்ரோ செய்ய வேண்டியது அவ்வளவுதான்.

"எழுத மாட்டேன்னு சொல்லிடேன்," என்றாள் தில்ஷாத்.

"சொன்னா ஓசூர்ல ஒருத்தி எழுதுவா. அவளுக்கு இங்க யாரையும் தெரியாது. எனக்கு மூஞ்சியாவது தெரியும்."

அந்தப் பதில் அவளுக்கே சரியாகப்படவில்லை. ஆனாலும் உட்கார்ந்து கற்றாள். கணினிக்குள்ளேயே இருந்த உதவிப் பக்கங்களைத் தவிர வேறு குரு கிடையாது. முதலில் பதிவு செய்யும் பொத்தானைக் கண்டுபிடித்தாள். நாம் செய்வதைப் பார்த்து இயந்திரமே எழுதிக்கொள்ளும் என்று குஷியாகிப் பதிவு செய்தால், எங்கே ஓட்டினாலும் அதே ஒரு கட்டத்துக்குப் போய் அதையே மஞ்சளாக்கியது. பிறகு 'ஃபார்' பிடிபட்டது. ஒன்றாம் வரிசையிலிருந்து கடைசிவரை ஒவ்வொன்றாகப் போ. 'இஃப்' பிடிபட்டது. இப்படி இருந்தால் இதைச் செய். எண்ட் இஃப். நெக்ஸ்ட். ஓட்டு.

சோதனைக்குத் தில்ஷாத் ஒரு காய்கறிப் பட்டியல் அடித்துக் கொடுத்தாள். கத்திரிக்காயை நீக்கு என்பது ஆணை. அவளுக்குக் கத்திரிக்காய் ஆகாது, அரிப்பு வரும். நடுவில் ஐந்தாறு கத்திரிக்காயை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியிருந்தாள்.

வேதவல்லி ஓட்டினாள். பெட்டி எதுவும் குதிக்கவில்லை. இருவரும் கைதட்டினார்கள். அப்புறம் பார்த்தால் பாதிக் கத்திரிக்காய் அப்படியே இருந்தது.

"என்னடி இது? ஒண்ணு விட்டு ஒண்ணு தூக்கியிருக்கு!"

வேதவல்லிக்கு ஒரு பகல் முழுக்கப் புரியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் கேன்டீன் வரிசையில் நிற்கும்போதுதான் பொறி தட்டியது. தட்டைக் கையில் வைத்துக்கொண்டே தில்ஷாத்துக்கு விளக்கினாள்.

"இப்ப நான் முதல் ஆளு, நீ ரெண்டாவது, உனக்குப் பின்னால அந்த வாட்ச்மேன் மூணாவது. ஒருத்தர் வந்து முதல் எடத்தைப் பாக்கறாரு. நான் கத்திரிக்கா. வெளிய போன்னு தள்ளிடறாரு. உடனே நீ என்ன பண்ணுவ?"

"முன்னால நகருவேன்."

"நகர்ந்து முதல் எடத்துக்கு வந்துட்ட. அவரு முதல் எடத்தைத்தான் பாத்து முடிச்சுட்டாரே, அடுத்து ரெண்டாவது எடத்தைப் பாப்பாரு. அங்க வாட்ச்மேன் நிக்கறாரு. உன்னைப் பாக்கவே இல்ல. நீ தப்பிச்ச."

"ஆளைப் பாக்காம எடத்தைப் பாத்தா அப்படித்தான்," என்றாள் தில்ஷாத். "சரி, இதுக்கு என்ன வழி?"

வழி உதவிப் பக்கத்திலேயே இருந்தது. கடைசியிலிருந்து மேலே போக வேண்டும். அப்படிப் போனால் நகர்ந்து வருபவர்கள் எல்லாம் ஏற்கனவே பார்த்தவர்களாக இருப்பார்கள். எண்களைத் தலைகீழாக்கி, 'ஸ்டெப் மைனஸ் ஒன்' என்று சேர்த்தாள். கத்திரிக்காய் ஒன்றுகூட மிஞ்சவில்லை. புதிதாகக் கற்றவளுக்கு வரும் பெருமை அவளுக்கும் வந்தது. அது மறுநாள் காலைவரை இருந்தது.

மறுநாள் உண்மையான தாள் வந்தது. உறவு உள்ளவர்கள் மேலே, இல்லாதவர்கள் கீழே, இரண்டு பிரிவும் அகரவரிசையில். அந்த வரிசையைக் குலைக்கக் கூடாது என்று குறிப்பு. வேதவல்லி நேராக மேல் பிரிவின் கடைசிக்குப் போனாள். வையாபுரி என்ற பெயரை அங்கே தேடினாள். இல்லை. கீழ்ப் பிரிவின் கடைசிக்கு முந்தைய வரிசையில் இருந்தது. உறவு: பூஜ்யம்.

வையாபுரி அவள் அண்ணன். தினமும் வேலைக்கு வந்ததும் முதல் காரியமாக அந்தக் கண்ணாடியைத் தன் முந்தானையால் துடைத்து, அன்றைக்கு என்ன குழம்பு என்று சொல்லிவிட்டுத்தான் அவள் பதிவறைக்குப் போவாள்.

பரிசோதகர் ஜம்புலிங்கம் மாவட்டத் தலைநகரிலிருந்து வந்து விருந்தினர் அறையில் தங்கியிருந்தார். சிரித்து யாரும் பார்த்ததில்லை. சட்டைப் பையில் மூன்று பேனா. அவர் ஏறி வந்தாலே காப்பகத்தில் நாற்காலிகள் நேராகிவிடும்.

"தப்பா வந்திருக்கு சார். வையாபுரி எங்க அண்ணன். தங்கச்சி நான் இருக்கேன்."

அவர் தன் கோப்பைப் பார்த்தார். "உங்க அப்பா பேரும் அவர் அப்பா பேரும் வேறயா இருக்கே."

"பெரியப்பா பையன் சார். ஒரே வீடு, ஒரே அடுப்பு. அப்பா போனப்புறம் என்னைப் படிக்க வச்சதே அவருதான். அதுக்குத்தான் குவாரிக்குப் போனாரு. அங்கதான் இந்தச் சீக்கு."

"அப்ப ஒண்ணு விட்ட அண்ணன்."

"எங்க ஊர்ல அப்படியெல்லாம் சொல்ல மாட்டோம் சார். அண்ணன்னா அண்ணன்தான்."

"எங்க ஊர்லயும் அப்படித்தாம்மா. சட்டத்துக்கு ஊர் கிடையாது. பெத்தவங்க, கட்டினவங்க, பெத்த பிள்ளை, கூடப் பிறந்தவங்க. அதோட முடிஞ்சுது. ஒண்ணு விட்டா பூஜ்யம்." பேனாவை மூடினார். "என்னைப் போட்டாலும் பூஜ்யம்தான். மனைவி இல்ல, பிள்ளை இல்ல. வெள்ளிக்கிழமை மேக்ரோவைக் கொண்டாங்க."

வேதவல்லி வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தபோது அவளுக்குக் கத்திரிக்காய் ஞாபகம் வந்தது.

திரும்பிப் போய் 'ஸ்டெப் மைனஸ் ஒன்'னை அழித்தாள். எண்களை மறுபடி நேராக்கினாள். முதலில் எழுதியது போலவே, மேலிருந்து கீழே. யாரும் திருத்தக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. புதிதாகக் கற்றவளின் தப்பைச் சட்டம் தொடவே முடியாது. பாதிப் பேர் பிழைப்பார்கள். ஒருமுறை பரிசீலனைக்கு வந்து தப்பியவரை மறுபடி அந்தத் தாளில் ஏற்றக் கூடாது என்றும் இருந்தது, அதனால் பிழைத்தவர்கள் பிழைத்தவர்கள்தான்.

தாளின் நகலில் விரலை வைத்து எண்ணினாள். பூஜ்யக்காரர்களில் முதல் ஆள் போவார், இரண்டாவது தப்புவார், மூன்றாவது போவார். விரல் கீழே இறங்கிக்கொண்டே போனது. வையாபுரியின் மேல் வந்து நின்றபோது அது 'போவார்' என்ற இடம். அவருக்கு அடுத்து, தாளின் கடைசி ஆள், ஜெபராணி. அவர் தப்புவார்.

"இன்னும் ஒரே ஒரு ஆளு அண்ணனுக்கு மேல இருந்தா போதும்," என்றாள் தில்ஷாத்திடம். "அந்த ஆளு போவாரு. அண்ணன் தப்பிடுவாரு."

"யாரை ஏத்துவ?"

"என்னைத்தான்."

ஊழியர் தன் ஒதுக்கீட்டுப் படுக்கையைத் தானே விட்டுக்கொடுக்க விரும்பினால் தாளில் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று விதி இருந்தது. யாரும் இதுவரை அதைச் சீண்டியதில்லை. வேதவல்லிக்குக் கல்யாணம் ஆகவில்லை, பெற்றவர்கள் இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. அவளும் பூஜ்யம். அகரவரிசையில் வே முடிந்து வை. வையாபுரிக்கு நேர் மேலே போய் உட்காருவாள்.

தில்ஷாத் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "உன் படம் எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? இன்னும் ரெண்டு மூணு வருஷத்துல உனக்கே படுக்கை வேணும்டி. அப்ப எங்க போவ?"

"அப்பப் பாத்துக்கலாம்."

"நான் ஏறிக்கறேன். என் பேரைப் போடு."

"உனக்கு வீட்டுக்காரர் இருக்காரு, ரெண்டு பிள்ளைங்க இருக்கு. உனக்கு ஒண்ணு. நீ போறதா இருந்தாலும் அது உன்னைத் தொடாது. பேரும் மேல் பிரிவுல போய் நிக்கும்."

சொல்லிக்கொண்டே பெயரைச் சேர்த்து மறுபடி விரலால் எண்ணினாள். வேதவல்லி போவாள். வையாபுரி தப்புவார். விரல் அடுத்த வரிசைக்கு இறங்கியது. ஜெபராணி போவார்.

ஒரு வரிசை நுழைந்ததில் கீழே இருந்தவர் இடம் மாறிவிட்டார். கிரந்த எழுத்து எப்போதும் அகரவரிசையின் கடைசியில்தான் நிற்கும். ஜெபராணியும் கடைசியில் நின்றார். இதுவரை அதனால் பிழைத்திருந்தவர், இப்போது அதனாலேயே போகிறார்.

அவரை வேதவல்லிக்குத் தெரியும். தூங்கப் போவதற்கு முன் தன் கொலுசைக் கழற்றி, "எழுந்ததும் மறக்காம குடுத்துடுங்க கண்ணு," என்று அவளிடம்தான் கொடுத்தார். அது பதிவறை அலமாரியில் ஓர் உறையில் இருந்தது.

"உன் பேரை எடுத்துடு," என்றாள் தில்ஷாத் மெதுவாக. "எடுத்தா உங்கண்ணன். வச்சா அந்தம்மா. இது நம்ம கையில இருக்க வேண்டிய விஷயமே இல்ல."

"என் கையிலதான் குடுத்திருக்காங்க."

அண்ணனுக்குக் கீழே, ஜெபராணிக்கு மேலே சேர்க்க இன்னொரு பூஜ்யக்காரர் காப்பகத்தில் இல்லை. வேதவல்லி தேடிப் பார்த்துவிட்டாள். எல்லோருக்கும் யாரோ ஒருவர் இருந்தார். உலகத்தில் நல்ல விஷயம்தான் அது, அன்றைக்கு அவளுக்கு எரிச்சலாக இருந்தது. வெள்ளிக்கிழமை காலை, தன் பெயர் தாளில் இருக்க, ஜெபராணியின் கொலுசு அலமாரியில் இருக்க, அவள் பரிசோதகர் முன் போய் நின்றாள். பெயரை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. அண்ணனை விட்டுக்கொடுக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

ஜம்புலிங்கம் விதிப்படி மேக்ரோவையும் தாளையும் தன் அறைக்கு எடுத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெகுநேரம் வெளியே வரவில்லை. வேதவல்லி தாழ்வாரத்தில் இருமிக்கொண்டு நின்றாள். கண்டுபிடித்தால் மறுத்துவிடுவார். ஓசூர்க்காரி வருவாள், உதவிப் பக்கத்தை ஒழுங்காகப் படித்திருப்பாள். எல்லோரும் போவார்கள்.

கதவு திறந்தது. மேஜையில் கணினி. எதிரே நாற்காலி.

"முதல் வரி."

"சப்-னா இங்கேர்ந்து ஆரம்பம்னு அர்த்தம் சார்."

"அடுத்தது."

"முதல் வரிசையிலேர்ந்து கடைசி வரிசை வரைக்கும் ஒவ்வொண்ணாப் போகணும்."

"ஏன் மேலேர்ந்து?"

"நாம மேலேர்ந்து கீழதானே சார் எழுதறோம், படிக்கறோம்."

அவர் அவளையே பார்த்தார். மேஜைமேல் இருந்த தண்ணீரைக் குடித்தார். "அடுத்தது."

"உறவு பூஜ்யமா இருந்தா அந்த வரிசையை நீக்கணும்."

"நீக்கினதும்?"

"நெக்ஸ்ட் சார். அடுத்த ஆளு."

"அடுத்த ஆளா, அடுத்த எடமா?"

தெரிந்துவிட்டது. இந்த மனுஷனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. பொய் சொன்னால் சட்டப்படி ஜெயில், உண்மையைச் சொன்னால் தெற்குக் கூடமே போச்சு.

"நான் புதுசு சார்," என்றாள். "எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்."

அவர் படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார்.

"எழுதினவங்களுக்குப் புரிஞ்சிருக்கு," என்று சொல்லிக்கொண்டே அவர் படிவத்தில் எழுதினார். மூன்று பேனாவில் நடுப்பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். "எழுதினவங்கதான் ஓட்டணும். ஓட்டுங்க."

அவள் அழுத்தினாள். தாள் ஒருமுறை சிலிர்த்தது. பெட்டி எதுவும் குதிக்கவில்லை. தெற்குக் கூடத்தின் பக்கமிருந்து எப்போதும் கேட்கும் ரீங்காரம் ஒரு படி இறங்கியது. இறங்கியது ஆட்கள் என்று அவளுக்குத் தெரியும். அத்தனை பேரையும் இந்த விரல்தான் அனுப்பியது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பெயர்களைப் பிறகு ஒவ்வொன்றாகப் படிப்பாள், படித்துத்தான் ஆக வேண்டும். இப்போது கடைசிக்குப் போனாள்.

வையாபுரி இருந்தார்.

அவருக்குக் கீழே இன்னொரு வரிசை இருந்தது. ஜெபராணி.

அவளுக்குப் புரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். இருக்க முடியாது. எத்தனை தடவை எண்ணினாள். திரையின் ஓரத்தில் நீக்கப்பட்ட பெயர்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. கடைசியில் இரண்டு ஊழியர் ஒதுக்கீடுகள், அவரவர் விருப்பத்தின் பேரில். முதலாவது வேதவல்லி. இரண்டாவது ஜம்புலிங்கம்.

நிமிர்ந்தாள். அவர் பேனாக்களைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டிருந்தார். அவருக்கும் எங்கோ மாவட்டக் காப்பகத்தில் ஒரு படுக்கை ஒதுக்கியிருப்பார்கள் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வை முடிந்து ஜ. ஜ முடிந்து ஜெ.

"ஆணையில நான் கை வைக்கல," என்றார் அவர். "தாள்ல பேரைச் சேர்க்க எல்லா ஊழியருக்கும் உரிமை உண்டு."

"ஜெபராணியம்மா உங்களுக்கு யாரு சார்?" "சொந்தமா?"

ஜம்புலிங்கம் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசல்வரை போனவர் திரும்பினார்.

"யாருமில்லம்மா. எழுத்து வரிசையில எனக்கு அடுத்தவங்க."